இரும்புத் தோசைக்கல்: வாங்குவது, பழக்குவது, பராமரிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்ஸ்டிக் தவாவின் பூச்சு உரிந்துபோய், இனி இரும்புதான் என்று முடிவு செய்து ஒரு வார்ப்பிரும்புக் கல்லை வாங்கி வருகிறவர்கள் இப்போது நிறைய. வாங்கிய வேகத்தில் தோசை ஒட்டிக்கொள்கிறது, கல் துருப்பிடிக்கிறது, கடைசியில் பரணுக்குப் போய்விடுகிறது. பெரும்பாலும் கல்லில் குறை இருக்காது. சூடும் எண்ணெயும்தான் பிடிபட்டிருக்காது. கீழே சொல்வது எல்லாம் தோசைக்கல்லை மனதில் வைத்துச் சொல்வது, ஆனால் இரும்பு வாணலி, பணியாரக்கல், ஆப்பச்சட்டி எல்லாவற்றுக்கும் அநேகமாகப் பொருந்தும்.

வார்ப்பிரும்புக் கல்லும் சாதாரண இரும்புக் கல்லும் ஒன்றுதானா?

இல்லை. சாதாரண இரும்புக் கல் என்று கடையில் விற்பது தகட்டை வெட்டி, தட்டி, வளைத்துச் செய்தது. மெல்லியது, சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், கீழே விழுந்தால் நெளியும், உடையாது. வார்ப்பிரும்பு என்பது இரும்பை உருக்கி மணல் அச்சில் ஊற்றிச் செய்தது. அதில் 2 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் 3 சதவீதத்தை ஒட்டி, கரி, அதாவது கார்பன், கலந்திருக்கும். அந்தக் கரியினால்தான் அது தகட்டு இரும்பைவிடக் குறைந்த சூட்டில் உருகி அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடுகிறது, அதே கரி உள்ளே மெல்லிய செதில்களாக நிற்பதால்தான் கீழே போட்டால் நெளியாமல் பட்டென்று உடைகிறது.

இரண்டையும் ஒரே மாதிரிதான் பழக்க வேண்டும். தோசைக்கு வார்ப்பிரும்பு நல்லது என்று சொல்வதற்குக் காரணம் அது சூட்டைச் சீராகப் பரப்பும் என்பதல்ல. உண்மையில் அலுமினியம் அதைவிட மூன்று நான்கு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். வார்ப்பிரும்பின் பலம் அதன் கனம். நன்றாகக் காய்ந்த கனமான கல்லில் மாவை ஊற்றினால் கல்லின் சூடு அவ்வளவாக இறங்காது, அதனால்தான் ஆறாவது தோசையும் முதலில் நன்றாக வந்த தோசை மாதிரியே வருகிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் தட்டிப் பாருங்கள். கல்லை ஒரு காதைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி இழுத்துச் சத்தம் வர வேண்டும். மொத்தென்று செத்த சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், வேறு கல் எடுங்கள். அப்புறம் தரையிலோ கடைக்காரர் மேசையிலோ கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்து ஆடுகிறதா பாருங்கள். மேற்பரப்பில் விரலை ஓட்டுங்கள். நற நறவென்று சின்னச் சின்னப் புள்ளியாக இருப்பது மணல் அச்சின் தடம், அது பரவாயில்லை, நாளாக ஆக எண்ணெய் ஏறி வழவழப்பாகிவிடும். பெரிய குழியோ துருத்தலோ இருந்தால் வேண்டாம்.

வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கரித்தூள் ஒட்டுவது சகஜம். பளபளவென்று பெயின்ட் அடித்த மாதிரி இருந்து, காயவைத்தால் பெயின்ட் வாடை வரும் கல்லைத் தொடாதீர்கள்.

அளவு விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். வீட்டுக் கேஸ் அடுப்புக்கு 10 முதல் 12 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் நடுவில் கருகும், ஓரம் வெள்ளையாகவே நிற்கும், ஏனென்றால் பர்னர் தீ எட்டுகிற இடம் அவ்வளவுதான். கையால் தூக்கிப் பாருங்கள். தினமும் தூக்கி இறக்க முடியாத கல் எவ்வளவு நல்ல கல்லாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பம்ப், மோட்டார் உதிரிபாகங்கள் வார்க்கிற பட்டறைகள் அங்கே ஏராளம், அந்த ஊரில் வார்ப்பு நல்லதா கெட்டதா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள் அக்கம்பக்கத்திலேயே கிடைப்பார்.

கல்லைப் பழக்குவது என்கிறார்களே, அதில் உண்மையில் என்ன நடக்கிறது?

மெல்லியதாகத் தடவிய எண்ணெய் அதிகச் சூட்டில் காற்றோடு சேர்ந்து கெட்டியாகி, இரும்போடு ஒட்டிய ஒரு படலமாக மாறுகிறது. அதற்குப் பிறகு அது எண்ணெய் அல்ல. துடைத்தாலும் வராது, தண்ணீரிலும் கரையாது. அடுப்பு மேடையில், எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்துச் சுவரில், மஞ்சளாக ஒட்டிக்கொண்டு என்ன செய்தாலும் போகாத பிசுக்கு இருக்குமே, அதே வேதிவினைதான். இங்கே நாம் அதை வேண்டுமென்றே, மெல்லிய அடுக்குகளாக, இன்னும் அதிகச் சூட்டில் செய்கிறோம். பல அடுக்குகள் சேரச் சேரக் கல் சாம்பல் நிறத்திலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து கறுப்பாகிறது. மாவு இரும்பைத் தொடாமல் இந்தப் படலத்தின் மேல் உட்கார்வதால் ஒட்டாது. தண்ணீரும் இரும்பைத் தொடாது என்பதால் துருவும் பிடிக்காது.

புதுக் கல்லை அரிசி களைந்த தண்ணீரிலோ வடிகஞ்சியிலோ மூன்று நாள் ஊறவைக்கச் சொல்கிறார்களே?

அம்மா, அத்தை, பாத்திரக் கடைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் யோசனை இது. ஒரு காரணத்தோடுதான் வந்திருக்கிறது. புதுக் கல்லில் அச்சு மணல், கரித்தூள், பட்டறை எண்ணெய் எல்லாம் இருக்கும், புளித்த கஞ்சித் தண்ணீர் அதை இளக்கிவிடும். சோப்பு கைக்கு எட்டாத காலத்தில் நல்ல வழிதான்.

இப்போது தேவையா என்றால், என் கருத்து, தேவையில்லை. வெந்நீரும் கொஞ்சம் பாத்திர சோப்பும் தேங்காய் நாரும் பத்து நிமிடத்தில் அதே வேலையைச் செய்துவிடும். ஊறல் எவ்வளவு நாள் நீண்டாலும் ஒட்டாத படலம் அதனால் வராது, அது எண்ணெயும் சூடும் சேர்ந்தால் மட்டுமே வரும். ஊறவைத்தே தீருவேன் என்றால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். எடுத்தவுடன் அடுப்பில் வைத்துக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்று நாள் கழித்துக் கிடைப்பது பழகிய கல் அல்ல, செம்மண் நிறத்தில் ஒரு கல்.

சரி, ஓவன் கிடையாது, கேஸ் அடுப்புதான் இருக்கிறது. எப்படிப் பழக்குவது?

கல்லைக் கழுவித் துடைத்து அடுப்பில் வையுங்கள். கடைசி ஈரமும் போகும் வரை நடுத்தரத் தீயில் காயட்டும். அணைத்து, கை சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக எண்ணெய் விட்டு, பழைய பருத்தித் துணியால் முன்பக்கம், பின்பக்கம், காது எல்லா இடத்திலும் தேயுங்கள். அடுத்து வருவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்: வேறு ஒரு காய்ந்த துணியை எடுத்து, தடவிய எண்ணெயைத் தப்பாகத் தடவிவிட்டோம் என்பது போல முழுவதையும் துடைத்து எடுங்கள். எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. தெரியாத அளவுக்கு மிச்சம் இருப்பதுதான் போதுமான அளவு.

இப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, தீயை நடுத்தரத்துக்குச் சற்று மேலே வைத்துக் கல்லை ஏற்றுங்கள். சில நிமிடத்தில் மெல்லிய புகை கிளம்பும். பர்னருக்கு நேர் மேலே முதலில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றி மெதுவாக வெளியே பரவும். கல்லை இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஓரங்களுக்கும் தீ படும்படி செய்யுங்கள். புகை அடங்கினால் அந்த அடுக்கு முடிந்தது. ஆறவிட்டு மறுபடி அதே போல. மூன்று நான்கு முறை செய்தால் தோசை சுட ஆரம்பிக்கலாம், முழுக் கறுப்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

ஓவன் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். இதே போலத் தடவித் துடைத்து, கவிழ்த்து வைத்து, 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், பிறகு உள்ளேயே ஆறவிடுவது.

வாணலி வாங்கியவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒரு சுற்று பழக்கிவிட்டு, முதல் சில தடவை அதில் அப்பளம், வடை, பூரி என்று பொரிக்கவே பயன்படுத்துங்கள். பண்டிகைக்குப் பலகாரம் சுட்டு முடித்த வாணலியைப் பாருங்கள், யாரும் பழக்காமலே பழகியிருக்கும்.

எந்த எண்ணெய் நல்லது?

பழக்குவதற்குக் கெட்டிப்படக்கூடிய எண்ணெய் வேண்டும், அதாவது நிறைவுறாக் கொழுப்பு அதிகம் உள்ளது. சூரியகாந்தி எண்ணெய் நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் நம் வீடுகளில் காலங்காலமாகச் சோதித்துப் பார்த்தவை. தேங்காய் எண்ணெயில் 90 சதவீதத்தை ஒட்டி நிறைவுற்ற கொழுப்பு, அதனால் அது படலமாகக் கெட்டிப்படுவதில் பின்தங்கும். துரு வராமல் தடவி வைக்க அது ஓகே. இணையத்தில் ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. கண்ணாடி போலக் கடினமாகப் படியும், உண்மைதான், ஆனால் கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரிகிறது என்ற புகாரும் அதே அளவு இருக்கிறது, விலையும் அதிகம். நெய், வெண்ணெய் வேண்டாம், இரண்டிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், வெண்ணெயில் இருக்கும் பால்திடமும் கருகிவிடும்.

பழக்கிய பிறகு கல் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஏன்?

எண்ணெய் அதிகம், அல்லது சூடு போதவில்லை. பாதி கெட்டிப்பட்டு நின்றுவிட்டது. எதுவும் தடவாமல் மறுபடி நன்றாகச் சூடேற்றி, புகை அடங்கும் வரை விடுங்கள். அப்படியும் பிசுக்கு இருந்தால் அந்த இடத்தைக் கல் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மெல்லியதாக மறுபடி ஆரம்பியுங்கள்.

எல்லாம் செய்தாகிவிட்டது, தோசை இன்னும் ஒட்டுகிறது!

ஒட்டுவதற்கு நாலைந்து காரணங்கள் உண்டு, முக்கால்வாசி நேரம் சூடுதான்.

வார்ப்பிரும்பு சூடாக நேரம் எடுக்கும். நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடமாவது காய வேண்டும். பெரிய தீ வைத்து ஒரு நிமிடத்தில் ஊற்றினால் நடுவில் கொதிக்கும், ஓரம் பச்சையாக இருக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். சொர்ரென்று சத்தம் வந்து இரண்டு மூன்று நொடியில் காய்ந்தால் சரியான சூடு. அசமந்தமாகக் குமிழியிட்டுக்கொண்டு கிடந்தால் இன்னும் காயவில்லை. சொட்டுகள் முத்து முத்தாகத் திரண்டு கல்மேல் ஓடி விளையாடினால் சூடு மிஞ்சிவிட்டது, ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டியிருக்கும். சொட்டின் அடியில் உண்டாகும் நீராவியே அதைக் கல்லைத் தொடவிடாமல் தூக்கிப் பிடிப்பதால்தான் அந்த ஓட்டம்.

சூடு குறைவாக இருந்தால் மாவு வேகும் முன்பே கல்லின் நுண்ணிய குழிகளில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சூடு அதிகமானால் மாவு விழுந்த இடத்திலேயே வெந்து, கரண்டியால் சுற்றும்போது கரண்டியோடு சுருண்டு வந்துவிடும், அது ஒட்டல் அல்ல, ஆனால் பார்ப்பதற்கு அப்படித் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை அப்படியே ஊற்றுவது இன்னொரு காரணம். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். சிவக்க வேண்டும் என்று மாவில் சர்க்கரை சேர்க்கிறவர்கள் அளவாகச் சேர்க்க வேண்டும், சர்க்கரை உருகிக் கல்லில் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் பொறுமை. தோசையின் அடிப்பக்கம் ஈரம் போய் முறுகினால் அதுவாகவே கல்லை விடும், ஓரம் தானே எழும்பும். எழும்பும் முன் தோசைத் திருப்பியால் தோண்டினால் எந்தக் கல்லும் ஒட்டத்தான் செய்யும்.

முதல் தோசை சரியாக வராதது பற்றிக் கவலைப்படவே வேண்டாம். கல்லின் சூடு சமனாவதும் எண்ணெய் பரவுவதும் அந்த ஒரு தோசையில்தான். வேண்டுமானால் முதலில் ஒரு குட்டி ஊத்தப்பம் ஊற்றுங்கள், யாராவது சாப்பிட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் வெங்காயம் தேய்ப்பதும் தண்ணீர் தெளிப்பதும் எதற்கு?

இரண்டும் வேறு வேறு வேலை. பாதியாக வெட்டிய வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் எண்ணெய் மெல்லிய சீரான பூச்சாகப் பரவும், முந்தைய தோசையின் துணுக்குகளும் வெங்காயத்தோடு வந்துவிடும். கத்தரிக்காய்க் காம்புப் பக்கத்தை வைத்துத் தேய்க்கிறவர்களும் உண்டு, அதுவும் அப்படியே. வெங்காயச் சாற்றில் ஏதோ தனி மகிமை இருப்பதாகச் சொல்வதை நான் நம்புவதில்லை. வாசம் நன்றாக இருக்கும், அது போதாதா.

தண்ணீர் தெளிப்பது சூட்டைக் குறைக்க. ஹோட்டலில் மாஸ்டர் ஒரு கை தண்ணீரை வீசி, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மாவு ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தீயைக் கூட்டிக் குறைக்க நேரமில்லாத இடத்தில் அந்தத் தண்ணீர்தான் ரெகுலேட்டர். வீட்டில் கை நனைத்துத் தெளிக்கும் அளவு போதும். காய்ந்த கல்லில் சொம்புத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும்.

தோசைக்கல்லில் சப்பாத்தி சுடக் கூடாது என்பது உண்மையா?

உண்மைதான், மூடநம்பிக்கை இல்லை. சப்பாத்திக்குக் கல் எண்ணெய் இல்லாமல் நீண்ட நேரம் அதிகச் சூட்டில் இருக்கிறது. ஏற்றிவைத்த படலம் அந்த வறட்டுச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிறது. சப்பாத்தியிலிருந்து உதிரும் மாவு கருகிப் படிந்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. மறுநாள் தோசை ஒட்டும். முடிந்தால் சப்பாத்திக்கு ஒரு தனிக் கல், மலிவான தகட்டுக் கல் போதும். ஒரே கல்தான் இருக்கிறது என்றால் சப்பாத்தி முடிந்ததும் மாவைத் துடைத்தெடுத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கி வையுங்கள், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆம்லெட் பற்றியும் இதே கேள்வி வருகிறது. நன்றாகப் பழகிய கல்லில் முட்டை வழுக்கிக்கொண்டு வரும், பழகாத கல்லில் முட்டையைப் போல ஒட்டுவது வேறெதுவும் இல்லை. வாடை பார்க்கிற வீடுகளில் தனிக் கல் வைப்பதே நிம்மதி.

சோப்புப் போட்டுக் கழுவலாமா?

தினமும் அவசியமில்லை. தோசை சுட்ட கல்லைத் துணியால் துடைத்தாலே போதும். மீன் வறுத்தால், மசாலா பிடித்தால், கொஞ்சம் பாத்திர சோப்பு விட்டு மென்மையான நாரால் தேய்த்துக் கழுவலாம். சோப்பே ஆகாது என்ற பேச்சு காரம் தூக்கலாக இருந்த பழைய சோப்புக் காலத்தது. இப்போதைய திரவ சோப்பு கெட்டிப்பட்ட படலத்தைக் கரைக்காது. ஆகாதவை வேறு: சிங்க்கில் ஊறப்போடுவது, கம்பி நார், சொரசொரப்பான பாத்திரப் பவுடர், டிஷ்வாஷர். கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் காயவைத்து, துளி எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே என்று அவர் கம்பி நாரை எடுத்து வெள்ளை வெளேரென்று தேய்த்து வைத்தால், அவர் மேல் தப்பு இல்லை.

துருப்பிடித்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பை விரிசலைத் தவிர எதிலிருந்தும் மீட்கலாம். மேலோட்டமான துரு என்றால் கல் உப்பும் எண்ணெயும் போட்டு அழுத்தித் தேய்த்தால் வந்துவிடும். நன்றாகப் பிடித்திருந்தால் ஊறிய புளியை அப்பித் தேயுங்கள், அல்லது வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து அதிகபட்சம் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள், அதற்கு மேல் விட்டால் அமிலம் துருவை முடித்துக்கொண்டு இரும்பையே தின்ன ஆரம்பிக்கும். கம்பி நார், உப்புத்தாள் எல்லாவற்றுக்கும் இங்கே மட்டும் அனுமதி உண்டு. சாம்பல் நிற இரும்பு தெரிந்தவுடன் கழுவி, உடனே, அதாவது டீ போட்டுவிட்டு வருகிறேன் என்று போகாமல், அடுப்பில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். சுத்தமான ஈர இரும்பு கண் முன்னாலேயே செம்மஞ்சளாகும். பிறகு புதுக் கல் போலப் பழக்க வேண்டும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் துரு இன்னும் வேகமாக வரும், அங்கே எண்ணெய் தொட்டு வைப்பதை ஒரு நாளும் விடக் கூடாது.

இரும்பு வாணலியில் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு வைக்கலாமா?

நன்றாகப் பழகிய சட்டியில் சட்டென்று முடியும் தக்காளி வதக்கல் பரவாயில்லை. முக்கால் மணி நேரம் கொதிக்கும் வத்தக்குழம்பு வேண்டாம். புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும், குழம்பில் இரும்பு வாடை ஏறும். அதற்குத்தான் கல்சட்டியும் மண்சட்டியும் இருக்கின்றன. எதைச் செய்தாலும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இரவெல்லாம் அதிலேயே விடக் கூடாது. தோசை மாவும் புளித்ததுதான், ஆனால் அது கல்லில் இருப்பது ஒன்றிரண்டு நிமிடம், அதனால் பாதிப்பில்லை.

வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் இவை இரும்புச் சட்டியில் கறுத்துப்போகிறதே என்று பலர் பயப்படுகிறார்கள். அவற்றில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும், அவ்வளவுதான், விஷம் இல்லை. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடுவது இதே முறையில்தான்: துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்துவிட்டு, இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரால் வரைவார்கள், வரைந்த இடம் கறுத்துவிடும். துணிக்கு அழகு, வாழைப்பூப் பொரியலுக்கு அவ்வளவு அழகில்லை. மோர்த் தண்ணீரில் அரிந்து போட்டுக் கழுவினாலும் ஓரளவுதான் தப்பும், பேசாமல் வேறு சட்டியில் வையுங்கள்.

இரும்புக் கல்லில் சமைத்தால் ரத்தசோகை போய்விடுமா?

கொஞ்சம் உதவும், மருந்து ஆகாது. இரும்புப் பாத்திரத்திலிருந்து உணவுக்கு இரும்பு இறங்குவது உண்மை. 1986ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இனிப்புச் சேர்க்காத ஆப்பிள் கூழை இரும்புப் பாத்திரத்தில் சமைத்தபோது 100 கிராமில் அரை மில்லிகிராம்கூட இல்லாத இரும்பு 7 மில்லிகிராமுக்கு மேல் ஏறியது. கவனியுங்கள், அது புளிப்பான, ஈரமான, கொதிக்கும் உணவு. அமிலமும் ஈரமும் நேரமும் சேர்ந்தால்தான் அப்படி இறங்கும். படலம் நன்றாக ஏறிய தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் இருக்கும் தோசைக்கு அந்தக் கணக்கைப் போட முடியாது. படலம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக இரும்பு இறங்கும். ஒட்டாமலும் இருக்க வேண்டும், இரும்பும் நிறைய வேண்டும் என்றால் நடக்காது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாத்திரத்தை மாற்றிச் சரிசெய்கிற அளவில் இல்லை இது. ரத்தப் பரிசோதனை, மருத்துவர் தரும் மாத்திரை, கீரையோடு எலுமிச்சை நெல்லிக்காய், சாப்பிட்ட கையோடு டீ காபி குடிக்காமல் இருப்பது, இவைதான் முதலில். தலசீமியா போல உடலில் இரும்பு சேர்ந்துவிடும் பிரச்சினை உள்ளவர்கள் இரும்புப் பாத்திரம் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டி காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. விளிம்பெல்லாம் கரிப் பொருக்கு, தோசையில் கறுப்புத் துணுக்கு ஒட்டுகிறது.

அந்தக் கல்லை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். துணுக்கு என்பது கருகிய எண்ணெய்தான், ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் உரிய ஆரம்பித்த பொருக்கின் மேல் புதுப் படலம் நிற்காது. தோசைத் திருப்பியின் தட்டையான முனையால் சுரண்டுங்கள், கல் உப்பு போட்டுத் தேயுங்கள், பிடிவாதமாக இருக்கும் இடத்துக்கு உப்புத்தாள். கெட்டியாக இருப்பதைக் கட்டாயப்படுத்தி எடுக்க வேண்டாம், அதுதான் பழைய சேமிப்பு. கொழுந்துவிட்டு எரியும் விறகுத் தீயில் போட்டுப் பொருக்கை எரிப்பதாகச் சொல்வார்கள். எரியும்தான், ஆனால் சூடு ஒரே பக்கமாகத் தாக்கி, கல் கோணிப்போகும் அல்லது வெடிக்கும். நல்ல பழைய கல்லுக்கு அந்த ஆபத்து வேண்டாம்.

பணியாரக்கல், ஆப்பச்சட்டி?

பணியாரக்கல்லில் குழியின் அடியில்தான் ஒட்டும், ஏனென்றால் பழக்கும்போது எண்ணெய் அங்கேதான் தேங்கும். துணியைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு குழியையும் துடைத்தெடுங்கள். முதல் ஈடு இனிப்புப் பணியாரம் வேண்டாம், காரப் பணியாரத்தில் தொடங்குங்கள், வெல்லம் பழகாத குழியை விடாது. ஆப்பச்சட்டியில் ஆப்பத்தைத் தவிர எதையும் செய்யாதீர்கள். மாவைச் சுழற்றும்போது விளிம்பில் மெல்லியதாகப் பிடிக்கவும் வேண்டும், வெந்ததும் விடவும் வேண்டும் என்பதால் எண்ணெய் ரொம்பத் தடவினாலும் மாவு வழுக்கி நடுவுக்கு வந்துவிடும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா?

வைக்கலாம், இரும்பைக் காந்தம் பிடிக்கும். அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வைத்துத் தூக்கி எடுங்கள். எடுத்த எடுப்பில் அதிக வாட் வைத்தால் சுருள் இருக்கும் வட்டம் மட்டும் பொங்கிச் சூடேறி, கல் கோணலாம், உடையவும் செய்யலாம். குறைவில் தொடங்கி ஏற்றுங்கள்.

அமெரிக்க ஸ்கில்லெட் வாங்குவது மேலா?

அது பொதுவான வாணலி, நம்முடையது தோசைக்கென்றே வார்த்தது. லாட்ஜ் என்ற அமெரிக்க நிறுவனம் 1896 முதல் டென்னசி மாநிலத்தில் வார்ப்பிரும்புப் பாத்திரங்கள் வார்க்கிறது, 2002ல் தொழிற்சாலையிலேயே பழக்கி விற்கத் தொடங்கியது, இப்போது நம் ஊர்க் கம்பெனிகளும் அப்படி விற்கின்றன. உயரமான விளிம்பு இருப்பதால் மீன் வறுவல், உருளைக்கிழங்கு ரோஸ்ட் அதில் அருமையாக வரும். தோசைக்கு அந்த விளிம்பே தொல்லை, திருப்பி உள்ளே போகச் சாய்வு கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அதே நிறுவனங்களின் விளிம்பு தாழ்ந்த வட்டத் தவாவைத் தேடுங்கள். பழக்கியே வருகிறது என்று எழுதியிருந்தாலும் இரண்டு அடுக்கு நீங்களும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். எப்படி வைப்பது?

காயவைத்து, மெல்லியதாக எண்ணெய் தொட்டுத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். எண்ணெய் தாராளமாகத் தடவினால் திரும்பி வரும்போது சிக்கு வாடை அடிக்கும். அடித்தால் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒரு சுற்று பழக்கினால் போய்விடும்.

கல்லில் விரிசல் விட்டுவிட்டது. வெல்டிங் வைக்கலாமா?

வார்ப்பிரும்பை ஒட்டவைக்க நிக்கல் கம்பி, முன்கூட்டிச் சூடேற்றுவது, மெதுவாக ஆறவிடுவது என்று ஏகப்பட்ட பாடு. இயந்திர பாகங்களுக்குச் செய்வார்கள், தோசைக்கல்லுக்குச் செய்தால் புதுக் கல்லின் விலை ஆகிவிடும், அப்புறமும் ஒட்டிய இடம் சூட்டில் நிற்குமா என்பது சந்தேகம், உணவு படும் இடத்தில் வேறு உலோகமும் வந்துவிடும். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு வேறு கல் வாங்குங்கள்.